உச்சிவேளை வண்டி

மேட்டுத்தெருவின் முதல் வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் கடைசி வீட்டுக் கொல்லையில் காயப்போட்டிருக்கும் சேலை தெரியும். முன்னொரு காலத்தில் ரயில் ஓடிய மேடு அது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போன பிறகு சும்மா கிடந்த மேட்டில் சனங்கள் வீடு கட்டிக்கொண்டார்கள். மேடு ஒடுக்கம் என்பதால் ஒன்றன் பின்னால் ஒன்றாகக் கட்டினார்கள். ரயிலுக்கும் முந்தி அது சுடலைமாடன் உச்சிவேளையில் வேட்டைக்குப் போகிற தடம், அதற்குக் குறுக்கே சுவர் நிற்கக்கூடாது என்று எல்லா வீட்டிலும் முன்வாசலையும் பின்வாசலையும் ஒரே நேர்கோட்டில் வைத்து, உச்சியில் கதவைச் சாத்துவதில்லை என்று ஒரு வழக்கத்தையும் வைத்துக்கொண்டார்கள். அதனால் அங்கே ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் தெரு முழுக்கப் பசிக்கும், ஒரு வீட்டில் சண்டை என்றால் தெரு முழுக்கத் தீர்ப்புச் சொல்லும். மாடன் போவதை மட்டும் யாரும் பார்த்ததில்லை. பார்க்காததில் எல்லாருக்கும் நிம்மதிதான்.

சுடலைவடிவு அந்தத் தெருப் பிள்ளை, ஏழாம் வகுப்பு. படிப்பது என்றால் வாய்விட்டுப் படிப்பது என்றுதான் அவளுக்குத் தெரியும். சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து அவள் படிக்கிற பாடம் வாசல் வாசலாக நுழைந்து தெருவின் இரண்டு முனைக்கும் போய்விடும்; பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காத முதல் வீட்டுச் செல்லக்கனிச் சித்திகூட ஒளிச்சேர்க்கையைத் தடுமாறாமல் சொல்வாள். லீவு முடிந்ததும் நடக்கப்போகிற மாவட்டப் பேச்சுப் போட்டிக்கு வடிவைத் தேர்ந்தெடுத்த அறிவியல் டீச்சர், நீராவி ரயில் எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்லும் ஒரு தடிப் புத்தகத்தைக் கொடுத்து, அத்தனையும் மனப்பாடம் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். வடிவின் அப்பா நயினார் வார்டு மெம்பர். சும்மா இருப்பாரா? அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் டீக்கடை, ரேஷன் கடை, குளத்தங்கரை என்று எங்கும் சொல்லி முடித்துவிட்டார்.

முதல் பாடத்தில் வேல்ஸ் என்கிற தேசம் வந்தது. அங்கே ஓர் இரும்பாலையில் முதல் நீராவி இன்ஜின், இரும்புப் பாளங்களையும் எழுபது ஆட்களையும் இழுத்துக்கொண்டு ஓடியது. ஓடியது என்று சொல்லக்கூடாது, நடந்தது. அதன் கனம் தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளம் ஒடிந்தது. ஒடிந்ததும் இன்ஜினை ஓரங்கட்டிவிட்டுப் பழையபடி குதிரையைப் பூட்டினார்கள். வடிவுக்கு அந்தக் குதிரையை நினைத்தால் பாவமாக இருந்தது. அதற்காகவே இன்னொரு தடவை படித்தாள்.

மறுநாள் உச்சியில் அது வந்தது. செல்லக்கனியின் முன்வாசலில் நுழைந்தது. அத்தனை பெரிய இரும்பு அத்தனை சின்ன நிலைக்குள் எப்படி நுழைந்தது என்று கேட்டால், நுழைந்தது, அவ்வளவுதான். செல்லக்கனி உரலை ஓரமாக நகட்டி வைத்தாள், அடுத்த வீட்டுக் கைக்குழந்தைக்காரி தொட்டிலைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள், சாப்பிட்டுக்கொண்டிருந்த நயினார் இலையோடு சுவரோரம் ஒதுங்கிக் குழம்பில் கரி விழாமல் கையால் மறைத்துக்கொண்டார். நடக்கிற வேகத்தில் வீடு வீடாகப் புகுந்து புகுந்து வெளியேறி, கடைசி வீட்டுக் கொல்லையைத் தாண்டி, அதற்கப்புறம் செம்மணல் காடாகக் கிடக்கிற தேரிக்குள் இறங்கிப் போனது. ஓட்டுகிற இடத்தில் ஆள் இல்லை. அது போன பிறகு எல்லா வீட்டுத் தரையிலும் இரண்டு நீளக் கோடுகள் வெடித்திருந்தன.

"மாடனுக்கும் வயசாவுதுல்லா," என்றார் சாமியாடி பலவேசம். "எத்தனை காலந்தான் நடந்தே வேட்டைக்குப் போவாரு? வண்டி வச்சிக்கிட்டாரு. கேக்கதுக்கு நாம யாரு?"

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. வண்டிக்கு என்ன வேண்டும் என்பதுதான் பேச்சாக இருந்தது. என்ன வேண்டும் என்று வடிவின் புத்தகமே சொன்னது, தெருவே கேட்டது: தண்ணீரும் கரியும். வாசலுக்கு வாசல் ஒரு குடம் தண்ணீரும் ஓர் ஓலைப்பெட்டிக் கரியும் வைத்தார்கள். வண்டி போன பிறகு குடம் காலியாக இருந்தது, பெட்டி துடைத்த மாதிரி இருந்தது. சாமி எடுத்துக்கொண்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வற்றல் போடுகிறவர்கள் வண்டி வருகிற நேரம் பார்த்துத் தட்டை ஓரத்தில் வைத்தார்கள், ஒரு போக்கில் காய்ந்துவிட்டது. மேட்டுக்குக் கீழே இருக்கிற தெருக்காரர்கள், மேட்டுக்காரர்களுக்கு வந்த வாழ்வைப் பார் என்று வயிறு எரிந்தார்கள்.

வடிவுக்கு அது பிடிக்கவில்லை. நெருப்பும் தண்ணீரும்தான் அதன் பலம் என்று படித்தவள் அவள். ஊர் அதற்குப் பலத்தைக் குடம் குடமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அடுத்த பாடம் படித்தாள். இங்கிலாந்தில் நிலக்கரி ஏற்றிய வண்டித் தொடர் ஒன்று முதன்முதலில் ஊர் கூடிப் பார்க்க ஓடியபோது, அதற்கு முன்னால் ஒருவன் குதிரைமேல் கொடி பிடித்துக்கொண்டு போனான். வண்டி வருகிறது விலகு விலகு என்று சொல்வதற்காகப் போனான். அவனைத் தாண்டி வண்டி போகவில்லை. மறுநாள் உச்சியில், குதிரையும் இல்லாமல் ஆளும் இல்லாமல், சவாரி போகிறவன் கை இருக்கிற உயரத்தில் ஒரு சிவப்புக் கொடி மட்டும் வாசல் வாசலாக மிதந்து வந்தது. அதன் பின்னால், அதைத் தாண்டாமல், இன்ஜினும் நீளத்துக்குப் பெட்டிகளும் வந்தன. அப்போதுதான் பிள்ளை படிக்கிறதெல்லாம் வருகிறது என்று தெருவுக்குப் புரிந்தது. "படிட்டி மக்கா, இன்னும் படி," என்று செல்லக்கனி பொரிவிளங்காய் உருண்டை கொண்டுவந்து கொடுத்தாள்.

வடிவும் படித்தாள், என்ன செய்வாள், போட்டிக்குப் படித்துத்தானே ஆகவேண்டும். பந்தயம் வைத்து எந்த இன்ஜின் நல்ல இன்ஜின் என்று பார்த்தார்கள், ராக்கெட் என்று பேர் வைத்த மஞ்சள் இன்ஜின் ஒன்று குதிரையைவிட வேகமாக ஓடி ஜெயித்தது என்று படித்தாள். மறுநாள் கொடியைக் காணோம். மஞ்சளாக ஒன்று கண்ணை மூடித் திறப்பதற்குள் தெருவைக் கடந்தது. பழைய கொடி செல்லக்கனி வீட்டு நிலையடியில் கிடந்தது. நல்ல கெட்டித் துணி என்று அவள் அதை அடுப்பில் சட்டி இறக்குகிற பிடிதுணியாக வைத்துக்கொண்டாள். வாசற்படியில் படுத்திருந்த அவளுடைய சினை ஆட்டின்மேல் வண்டி ஏறிவிட்டிருந்தது. மாடன் பலி கேட்டார், வாங்கிக்கொண்டார் என்று சொல்லி அதை மஞ்சள் போட்டுச் சமைத்தார்கள். அந்த வாரம் மேட்டுத்தெருக் கிணற்றில் வாளி விட்டால் வெதுவெதுப்பான சேறுதான் வந்தது. கீழ்த்தெருவில் போய்த் தண்ணீர் கெஞ்சி வாங்கி, தாங்கள் குடிக்கிறதுக்கு முன்னால் வண்டிக்கு வைத்தார்கள்.

இப்படியிருக்கையில்தான் நயினாருக்கு அந்த ஆசை வந்தது. ஊருக்கு முதன்முதலாக டவுன் பஸ் வந்தபோது வாழைமரம் கட்டி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, டிரைவருக்குப் பொன்னாடை போர்த்தியவர் அவர். அந்த விழாவில்தான் கூடப்பிறந்த அண்ணனோடு பேச்சு நின்றது. அண்ணன் சிவனணைஞ்ச பெருமாள் ஒன்றியக் கவுன்சிலர். பஸ்ஸைக் கொண்டுவந்தது தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, ஃபிளெக்ஸ் போர்டில் தன் படத்தைத் தபால்தலை அளவுக்குப் போட்டிருந்ததைப் பார்த்தார், வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பிவிட்டார். பழைய ஸ்டேஷன் இருந்த இடம் அது, வண்டிகள் ஒன்றுக்கொன்று ஒதுங்க இரண்டு பாதை போட்டிருந்ததால் மேடு அங்கே மட்டும் அகலம். ஒரே வீடு இரண்டாகி, ஆளுக்கு ஒரு முன்வாசல், ஒரு பின்வாசல். இப்போது வண்டிக்கு வரவேற்பு வைத்து, அந்த மேடையிலேயே அண்ணனுக்கும் பொன்னாடை போர்த்திச் சமாதானம் ஆகிவிட வேண்டும் என்று நயினார் முடிவு செய்தார். அதற்கு வண்டி நிற்க வேண்டும். வண்டி நிற்கிற பாடத்தை வடிவு படிக்க வேண்டும்.

அந்தப் பாடத்தை வடிவு முதன்முறையாக வாய்க்குள் படித்துப் பார்த்திருந்தாள். படித்துவிட்டுப் புத்தகத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

"யப்பா, வேண்டாம்," என்றாள். "அதுல ஒரு மெம்பர் செத்துப் போறாரு."

"எந்த ஊரு மெம்பர்?"

"இங்கிலாந்து. பார்லிமென்ட் மெம்பர். திறப்பு விழா அன்னைக்கு வண்டி தண்ணி பிடிக்க நிக்கி. பெட்டியிலயே இருங்க, இறங்காதீயன்னு சொல்லியும் இவரு இறங்குதாரு. தன்கூடச் சண்டையாப் போன ஒரு பெரிய மனுசன் கையைப் பிடிச்சுச் சமாதானம் பேசப் போறாரு. அடுத்த பாதையில இன்னொரு வண்டி வந்துருது யப்பா. ஒதுங்கத் தெரியாம நிக்காரு."

நயினார் சிரித்தார். அவருக்குப் பிள்ளையின் மேல் உயிர். பிள்ளை பயப்படுகிறது என்றால் அதைச் சிரித்துத்தான் போக்க வேண்டும் என்று நினைக்கிறவர்.

"அவனுக்கு ரயில் புதுசு, மிரண்டுட்டான். நமக்கு அது அன்னாடம் வீட்டுக்குள்ள வந்துட்டுப் போவுதுல்லா. நான் பாத்துக்கிடுதேன்."

"நீங்க போவாதீய யப்பா. நான் அதைப் படிக்க மாட்டேன்."

அவள் படிக்கவில்லை. மஞ்சள் வண்டியே நிற்காமல் தினமும் வந்து போனது. தெருவே அவளைத் திட்டியது; பிள்ளைத்தாச்சிகளை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம், சந்தைக்குப் போகலாம், ஒரு பிள்ளையின் பிடிவாதத்தால் ஊர் வாழ்வு கெடுகிறது என்றார்கள். அம்மா கோமதி மட்டும், "பிள்ளையை ஒண்ணும் சொல்லாதீய, அது எதுக்கோ பயப்படுது," என்று குறுக்கே நின்றாள். கோமதியின் பேச்சை யார் கேட்டார்கள்? ஒருநாள் சாயங்காலம் நயினாரே அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த புத்தகத்தை எடுத்து, வாசற்படியில் உட்கார்ந்து, மேடையில் பேசுகிற குரலில் எழுத்துக் கூட்டிப் படித்தார். பல வண்டிகள் ஊர்வலமாகக் கிளம்பின என்று படித்தார். தண்ணீர் பிடிப்பதற்காக முதல் வண்டி நின்றது என்று படித்தார். அதோடு புத்தகத்தை மூடிவிட்டார்.

"நின்னுட்டுதுல்லா? போதும். சாவை வாய்விட்டுப் படிக்கலை, அது வராது," என்றார். ஊர்வலம் என்றால் ஒரு வண்டி இல்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை.

வடிவு எத்தனையோ சொல்லிப் பார்த்தாள். காலைப் பிடித்து அழுதாள். அதற்குள் வாழைமரம் வந்துவிட்டது, ஒலிபெருக்கி கட்டியாகிவிட்டது, ஃபிளெக்ஸ் போர்டில் அண்ணன் தம்பி இரண்டு படமும் ஒரே அளவில் சிரித்துக்கொண்டிருந்தன.

மறுநாள் உச்சியில் பெட்டிகளோடு வண்டி வந்தது. நயினார் வீட்டுக் கூடத்தில் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது. ஊரே குலவையிட்டது. அண்டா அண்டாவாகத் தண்ணீர் ஊற்றினார்கள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், சனங்கள் முண்டியடித்துக்கொண்டு பெட்டிகளில் ஏறினார்கள். பொன்னாடையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நயினார் தன் வாசலிலிருந்து இறங்கி அண்ணன் வாசலுக்கு நடந்தார். அந்த வாசலின் நிலைக்கு நடுவில் சிவனணைஞ்ச பெருமாள் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது. எல்லாரும் அந்தக் கண்ணைத்தான் பார்த்தார்கள். பின்னால் தெருமுனையில் புகை தெரிந்ததை யாரும் பார்க்கவில்லை.

வடிவு அங்கே இல்லை. அவள் காலையிலேயே செல்லக்கனியின் அடுப்படியில் போய் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது வண்டியின் சூடு வாசலில் அடித்ததும் பிடிதுணியை உருவிக்கொண்டு, அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் இறங்கி ஓடினாள். கொடி முன்னால் போனால் வண்டி தாண்டாது. அது அவள் படித்த பாடம். அவளை நம்பி வண்டி வேகத்தைக் குறைத்துக்கொண்டது. "விலகு! விலகு!" என்று கத்திக்கொண்டே வீடு வீடாக நுழைந்தாள், பெரியப்பா வாசலில் வந்து அப்பாவின் வயிற்றில் ஒரு கையால் தள்ளினாள், அண்ணனும் தம்பியும் பொன்னாடையோடு சுவரில் போய் விழுந்தார்கள், அவள் நிற்காமல் கூடத்தைக் கடந்து பின்வாசல் வழியே ஓடினாள், அவள் பின்னால் வண்டி சாதுவாகப் போனது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. வடிவுக்கு வந்த சந்தோஷத்தில் அழுகை வந்தது. கடைசி வீட்டுக்கு அப்புறம் நின்றுகொள்ளலாம் என்று நினைத்தாள்.

நிற்க முடியவில்லை. கால் நின்றால் பின்னால் வருவது நிற்காது. தேரிக்குள் சிவப்பு மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. மண்ணில் ஓடினாள் ஓடினாள், மண் முடிகிற இடத்தில் செல்லக்கனியின் முன்வாசல் இருந்தது, மறுபடியும் உச்சியாக இருந்தது.

மேட்டுத்தெரு அதையும் பழகிக்கொண்டது. வாசலுக்கு வாசல் வண்டிக்கு ஒரு குடமும் வடிவுக்கு ஒரு செம்பு மோரும் வைத்தார்கள். பிள்ளை முன்னால் போவதால் ஆடு கோழி சாவதில்லை என்று நல்லதாகப் பேசினார்கள். தினமும் உச்சியில் கோமதி சீப்போடு முன்வாசலில் காத்திருந்து, கூடத்தின் நீளத்துக்கு மகளோடு சேர்ந்து ஓடிக்கொண்டே ஒரு பக்கப் பின்னலைப் பின்னிவிடுவாள், மறுபக்கம் மறுநாள்தான். அந்த ஓட்டத்துக்குள் ஒரு உருண்டைச் சோற்றை வாயில் திணிப்பாள். "அழாதட்டி," என்பாள், அழுதுகொண்டே. வடிவு பதில் சொல்லி முடிப்பதற்குள் பின்வாசல் வந்துவிடும்.

நாள் போகப் போக வண்டியில் ஏறுகிறவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு பிள்ளை ஓடுகிற வேகத்தில் ஆஸ்பத்திரிக்கு எப்போது போய்ச் சேருவது? அடுத்த பாடத்தைப் படித்தால் என்ன என்று பலவேசம்தான் முதலில் கேட்டார். சிவனணைஞ்ச பெருமாள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டார். அண்ணன் தம்பி இப்போது ஒரே தட்டில் சாப்பிடாத குறை.

"இங்க பாருல நயினா. சில வருசத்துல நாடு பூரா வண்டி ஓடிச்சு, முன்னால கொடி பிடிச்சுப் போற ஆளு தேவைப்படலைன்னு போட்டிருக்கு."

நயினார் அதை வாங்கி விரல் வைத்துப் படித்துப் பார்த்தார். மகள் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அவர் ஒரு வேளைச் சோறு ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தன்னால்தான் இது என்று தெரு முழுக்கச் சொல்லிச் சொல்லி அழுதவர். "ஆளு தேவைப்படலைன்னா எம்பிள்ள வீட்டுக்கு வந்துரும்லாண்ணே?" என்றார்.

அடுத்த நாள் உச்சியில் கூடத்தைக் கடக்கும்போது வடிவு அதைக் கேட்டாள். பெரியப்பாவின் கடைக்குட்டி மாரியை வாசற்படியில் உட்கார வைத்து, மடியில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அப்பா சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "சத்தமாப் படிக்கணும், சாயந்தரம் எல்லா வாசலுக்கும் கேக்கணும்." வடிவுக்கு அந்தப் பக்கம் தெரியும். எந்தக் குதிரையாலும் கூட ஓடிவர முடியாத வேகத்தை வண்டிகள் எட்டின என்பதுதான் அதன் அடுத்த வரி. "படிக்க வேண்டாம் யப்பா, ஆளு இல்லைன்னா அது..." என்று கத்தத் தொடங்கினாள். பின்வாசல் வந்துவிட்டது.

மறுநாள் உச்சியில் செல்லக்கனியின் வாசற்படியில் கால் வைத்தபோது கையில் கொடி இல்லை. தேரியில் எங்கே நழுவியது என்று தெரியவில்லை. முதுகில் வழக்கமாக அடிக்கிற சூடு முதுகைச் சுட்டது, பின்னால் தடதடவென்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் விட்டுவிட்டுக் கேட்காமல் ஒரே சத்தமாக இருந்தது. நேர்கோட்டில் வாசலுக்குள் வாசலாகத் தெரிந்த தெருவின் நடுவில், தன் வீட்டுக் கூடத்தில், தரையில் வெடித்த இரண்டு கோட்டுக்கும் மத்தியில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"வாட்டி மக்கா! படிச்சாச்சு! இனி ஓட வேண்டாம், வா!"

"விலகுங்க யப்பா!" என்று கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அதுவரை ஓடாத ஓட்டம் ஓடினாள். பிள்ளை தன்னைப் பார்த்ததும் இன்னும் வேகமாக ஓடி வருகிறது என்று நயினாருக்கு முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. அவர் தரையில் முழங்காலிட்டு, இரண்டு கையையும் அகல விரித்தார்.